மான் லட்சம் இருந்தும் சிப்பெவையன் மக்கள் பட்டினி கிடந்தது ஏன்?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வட கனடாவில் கரிபூ மான்கள் லட்சக்கணக்கில் திரிந்தபோது, அவற்றை நம்பி வாழ்ந்த சிப்பெவையன் மக்கள் ஏன் அடிக்கடி பட்டினி கிடந்தார்கள், மந்தையின் பின்னாலேயே போயிருக்கலாமே என்பது ஒன்று. அந்தக் குளிரில் எப்படித்தான் பிழைத்தார்கள், இன்றும் அப்படியே வாழ்கிறார்களா என்பது இன்னொன்று.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிப்பெவையன் வேறு, சிப்பெவா வேறு. சிப்பெவா என்பது ஒஜிப்வே மக்களின் இன்னொரு பெயர். இன்னும் தெற்கே, பெரிய ஏரிகளைச் சுற்றி வாழ்பவர்கள். சிப்பெவையன் என்பது பக்கத்து க்ரீ இனத்தார் வைத்த பெயர். 'கூர்முனைத் தோல்' என்று பொருள். அவர்களுடைய தோல் சட்டை கீழே கூராக முடிந்ததால் வந்தது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது டெனெசுலினே என்று. அதில் கிழக்குப் பக்கத்துப் பிரிவினருக்கு 'எத்தென் எல்டெலி' என்றும் பெயர் உண்டு: கரிபூ தின்பவர்கள். ஹட்சன் வளைகுடாவின் மேற்குக் கரையிலிருந்து அத்தபாஸ்கா ஏரி, கிரேட் ஸ்லேவ் ஏரி வரை அவர்கள் நடமாடிய நிலம். தெற்கே ஊசியிலைக் காடு, வடக்கே ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. இரண்டும் சந்திக்கும் அந்த ஓரத்தில்தான் அவர்கள் வாழ்க்கை.

கரிபூ என்பது வேறொன்றுமில்லை, கிறிஸ்துமஸ் அட்டையில் வண்டி இழுக்கிறதே, அந்த ரெயின்டீர் இனம்தான். ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் அதைப் பழக்கி மேய்த்தார்கள். கனடாவில் யாரும் பழக்கவில்லை. கரிபூ வசந்தத்தில் காட்டை விட்டு வடக்கே கிளம்பும், ஜூன் மாத ஆரம்பத்தில் வெட்டவெளியில் கன்று போடும், கோடை முடிந்ததும் காட்டோரம் திரும்பும், குளிர்காலத்தைக் காட்டுக்குள் கழிக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைச்சல். குழந்தை குட்டி, கிழவர், கூடாரம், சட்டி பானை என்று கூட்டிக்கொண்டு போகிற குடும்பம் அந்த வேகத்துக்கு நடக்க முடியாது. அதனால் மந்தையைத் துரத்துவது என்ற பேச்சே இல்லை. அது வரும் வழியில் முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். வழி ஒன்றா? போன வருடம் கடந்த ஆற்றுத் துறையில் இந்த வருடமும் கடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. காட்டில் தீ பிடித்து எரிந்திருந்தால் மானின் குளிர்கால உணவான பாசிப்படலம் பழைய நிலைக்கு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மந்தை அந்தப் பக்கமே வராது. பனி கெட்டித்துப்போனால் ஒரு பாதை, தளர்ந்திருந்தால் வேறு பாதை. ஒரு ஏரிக்கரையில் நாட்கணக்கில் மான் ஆறாக ஓடும். அங்கிருந்து சில நாள் நடைதூரத்தில் காத்திருக்கும் குடும்பம் ஒரு குளம்புத் தடத்தைக்கூடப் பார்க்காது. மொத்தக் கணக்கில் மானுக்குப் பஞ்சமே இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருமா என்பதுதான் பிரச்சினை. பட்டினிக்குக் காரணம் என்ன என்று கேட்டால் என் பதில் இதுதான்: மான் குறைந்ததால் வந்த பசியைவிட, மான் எங்கே என்று தெரியாததால் வந்த பசியே அதிகம்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி கொஞ்சம் யோசிக்க வைக்கும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த மக்களிடையே ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்மித் என்ற மானிடவியலாளர் இதை விளக்கியிருக்கிறார். மான் திரும்பி வரும் பருவத்தில் சிறு சிறு குழுக்களாகக் காட்டோரம் நெடுக ஒரு வேலிபோலப் பரவி நிற்பார்கள். பக்கத்துக் குழு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு குழுவுக்கும் தெரியும். ஒரு இடத்தில் மந்தை தட்டுப்பட்டதும் ஆள் ஓடிப்போய் அடுத்த முகாமுக்குச் சொல்வான், அவர்கள் அதற்கடுத்த முகாமுக்கு. பிறகு எல்லோரும் அங்கே கூடுவார்கள். பெண் கொடுத்து எடுத்த உறவு இந்த முகாம்களுக்குள் பின்னிக் கிடந்தது என்பதால் இறைச்சி இருக்கும் கூடாரத்தில் போய் உட்கார்ந்தால் சாப்பாடு உண்டு. சேர்ந்தே இருந்தால் எல்லோரும் ஒன்றாகக் குறி தவறிவிடக்கூடும். பிரிந்து நின்றால் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் கிடைக்கும். நடுவில் ஒரு முகாம் நோயில் படுத்துவிட்டால் மட்டும் செய்தி அத்தோடு நின்றுவிடும்.

சரி, மந்தை கிடைத்தால் எப்படிப் பிடித்தார்கள்? கோடையில் ஆற்றையும் ஏரியின் குறுகலையும் நீந்திக் கடக்கும்போது சிறு மரப்பட்டைப் படகில் போய் ஈட்டியால் குத்துவார்கள். நீரில் நிற்கும் மானால் ஓடவும் முடியாது, திரும்பவும் முடியாது. குளிர்காலத்தில் காட்டுக்குள் பட்டி கட்டுவார்கள். மரக்கிளைகளால் வட்டமாக ஒரு பெரிய அடைப்பு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வேலி, இடைவெளிகளில் எல்லாம் தோல்வாரால் திரித்த சுருக்கு. வாசலிலிருந்து ஏரிப்பனியின் மேல் இரண்டு வரிசையாகக் குச்சிகளை நட்டுக்கொண்டே போவார்கள், மைல் கணக்கில் விரிந்துகொண்டே போகும். மான் அந்தக் குச்சிகளை ஆள் என்று நினைத்து விலகி விலகி நடுவிலேயே நடந்து உள்ளே நுழைந்துவிடும். பெண்களும் சிறுவர்களும் பின்னாலிருந்து விரட்டுவார்கள். நல்ல இடத்தில் அமைந்த பட்டியை விட்டு நகராமலே சில குடும்பங்கள் குளிர்காலத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிடும்.

இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியவர் சாமுவேல் ஹெர்ன், ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கிலேயத் தோல் வணிக நிறுவனத்தின் ஊழியர். 1769-லிருந்து 1772 வரை மூன்று முறை இன்றைய சர்ச்சில் ஊரிலிருந்த கோட்டையிலிருந்து கிளம்பி, மூன்றாவது முறை காப்பர்மைன் ஆற்றின் வழியாக வடகடலைத் தொட்டவர். அவருடைய தீர்ப்புகளில் அந்தக் காலத்து வெள்ளைக்காரனின் திமிர் உண்டு. ஆனால் அவர் அவர்களோடு சேர்ந்து பட்டினி கிடந்தவர். ஒருமுறை ஏறக்குறைய ஏழு நாட்கள் கொஞ்சம் காட்டுப்பழம், தண்ணீர், பழைய தோல் துண்டு, சுட்ட எலும்பு, இவ்வளவுதான் சாப்பாடு. கூட வந்தவர்கள் தங்கள் தோலாடைகளை எடுத்துப் பரப்பிவைத்து, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று பார்ப்பார்களாம். பாதி மக்கிய ஒரு மான்தோல், அல்லது ஒரு ஜோடி பழைய செருப்பு. அதுதான் அன்றைய இரை. ஒரு மழைக்காலத்தில் கஸ்தூரிக் காளை கிடைத்தும் பச்சையாகவே தின்றார்கள். மரமில்லாத இடம், எரிக்க இருந்த பாசியும் நனைந்து ஊறிப்போயிருந்தது. நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவு கிடைத்தாலும் வயிறு ஏற்காது, இரண்டு கவளம் உள்ளே போனாலே வலி பிடுங்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

இறைச்சி இருந்தும் சாகலாம் என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியாத விஷயம். மனித உடம்பு தன் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்து மட்டுமே எடுக்கத் திணறும். மிச்சத்துக்கு மாவுச்சத்தோ கொழுப்போ வேண்டும். அரிசியும் கிழங்கும் விளையாத நிலத்தில் கொழுப்பு ஒன்றுதான் வழி. முயலில் கொழுப்பு மிகக் குறைவு. முயலை மட்டும் வயிறு முட்டத் தின்றுகொண்டிருந்தால் சில நாளில் வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்று ஆள் படுத்துவிடுவான். கடும் குளிர்காலத்தின் கடைசியில் இளைத்துப்போன கரிபூவும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால்தான் இலையுதிர்காலத்துக் கடா மானுக்கு அவ்வளவு மதிப்பு. இணைசேரும் பருவத்துக்கு முன்னால் அதன் முதுகில் கொழுப்பு பட்டையாகப் படிந்திருக்கும். பருவம் முடிந்தால் எல்லாம் கரைந்துவிடும். எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுப்பார்கள். பிறகு எலும்பையே நொறுக்கிக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் நெய்யை வழித்து எடுப்பார்கள். உலர்த்தி இடித்த இறைச்சியோடு கொழுப்பைக் கலந்து பயணத்துக்குக் கட்டிக்கொள்வார்கள்.

மானின் இரைப்பையில் அதன் இரத்தம், கொழுப்பு, இளசான கறி, இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு, கயிற்றில் கட்டி நெருப்பின் முன் தொங்கவிட்டு வாட்டுவது ஒரு விருந்து. உப்பு மிளகு எதுவும் இல்லாமலே அருமை என்று ஹெர்ன் சொல்கிறார். நம் ஊர் ரத்தப் பொரியல், குடல் கறி பிரியர்களுக்கு இது புரியும். ஆனால் மான் தோலுக்கடியில் வளரும் ஒருவகை ஈயின் புழுக்களைப் பிள்ளைகள் பழம்போல வாயில் போட்டுக்கொண்டதை மட்டும் அவரால் கடைசிவரை செய்ய முடியவில்லை.

அந்த ஈக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. புழு வெளியேறும் துளைகளால் வசந்தத்தில் தோல் சல்லடையாகிவிடும். குளிர்காலத் தோலில் முடி மிகத் தடிமன், உதிரவும் செய்யும். உடைக்கு ஏற்ற தோல் ஆகஸ்ட் மாதமும் செப்டம்பர் ஆரம்பமும்தான் கிடைக்கும். பெரியவர் ஒருவருக்கு முழு உடைக்கு எட்டு முதல் பதினொரு தோல் தேவை. மற்ற வீட்டு உபயோகங்களையும் சேர்த்தால் ஆளுக்கு ஆண்டுக்கு இருபதுக்கும் மேல், அதுவும் கூடாரத்துக்கான தோலைச் சேர்க்காமல். எனவே வயிறு நிறைந்திருந்தாலும் கோடையின் கடைசியில் வெட்டவெளிக்குப் போயே ஆக வேண்டும். அங்கே மரம் கிடைக்காது என்பதால் கூடாரக் கம்புகளையும் சுமந்துகொண்டே போவார்கள். இறைச்சியை விட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுத்ததைப் பார்த்து வெளியாட்கள் 'வீணடிக்கிறார்கள்' என்று எழுதிவைத்தார்கள். மைனஸ் நாற்பதில் உடுத்த உடையில்லாமல் நிற்பதைப் பற்றி அவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

சுமப்பது யார் என்றால், பெண்கள். ஹெர்னின் முதல் இரண்டு பயணமும் தோற்றதற்குக் காரணம் பெண்களை அழைத்துப் போகாததுதான் என்று அவரிடம் சொன்னவர் மட்டோனபி, மூன்றாவது பயணத்தை நடத்திக்கொடுத்த சிப்பெவையன் தலைவர். இரண்டு ஆண்கள் இழுப்பதை ஒரு பெண் இழுப்பாள், கூடாரம் அடிப்பாள், தைப்பாள். சமைப்பவள் அவளே என்பதால் பஞ்ச காலத்தில் விரலை நக்கிக்கொண்டே உயிரோடு இருந்துவிடுவாள் என்றார். படிக்கும்போது கசக்கிறது. முதலில் பட்டினி கிடப்பது யார் என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். நடக்க முடியாத நோயாளியையும் கிழவரையும் விட்டுவிட்டுப் போவதும் நடந்தது. அப்படி விடப்பட்ட ஒரு பெண் மூன்று முறை எழுந்து வந்து குழுவோடு சேர்ந்துகொண்டாள், பிறகு வரவில்லை.

1772 ஜனவரியில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் வேட்டைக்குப் போனவர்கள் பனியில் பழக்கமில்லாத ஒரு பனிச்செருப்பின் தடத்தைப் பார்த்தார்கள். தொடர்ந்து போனால் ஒரு சிறு குடிசை, உள்ளே ஓர் இளம்பெண் தனியாக. மேற்கே வாழும் டாக்ரிப் இனத்தவள். 1770 கோடையில் அவளைப் பிடித்துப்போனவர்கள் அவள் கைக்குழந்தையையும் கொன்றுவிட்டார்கள். தப்பி ஓடியவளுக்கு ஊர் திரும்பும் வழி தெரியவில்லை. ஆறும் ஏரியும் குழப்பிவிட்டன. ஏழு மாதத்துக்கு மேல் மனித முகத்தையே பார்க்கவில்லை. கையில் இருந்தது ஐந்தாறு அங்குல நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டைத் துண்டு, அதுதான் கத்தி. அம்பின் இரும்புக் காம்பு, அதுதான் ஊசி. கொண்டுவந்திருந்த மான் தசைநார் தீர்ந்ததும் முயலின் கால் நரம்புகளைத் திரித்துச் சுருக்கு செய்தாள். அதில் விழுந்த முயல்களின் தோலைக் கோத்துக் குளிருக்கு உடை தைத்துக்கொண்டாள். அழகும் பார்த்துத் தைத்திருந்தாள் என்று ஹெர்ன் வியக்கிறார். இரண்டு கற்களைத் தட்டிப் பொறி வரவழைப்பாள், ஆனால் நெடுநேரம் பிடிக்கும் என்பதால் குளிர்காலம் முழுக்க அடுப்பை அணையவிடவில்லை. சும்மா இருக்கும் நேரத்தில் வில்லோ மரத்தின் உட்பட்டையை உரித்து நூலாகத் திரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள், நூற்றுக்கணக்கான பாக (ஒரு பாகம் ஆறடி) நீளத்துக்கு. வசந்தம் வந்ததும் மீன் வலை பின்னுவதற்காம்.

சிப்பெவையன் மக்களின் வலை பச்சைத் தோலை வாராக அறுத்துப் பின்னியது. காய்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும்; தண்ணீரில் ஊறினால் வழுவழுத்து, மாட்டிய மீன் நழுவிப் போகும். கரிபூவை வைத்தே எல்லாவற்றையும் செய்தவர்களுக்கு மீன் இரண்டாம்பட்சம், மான் பொய்த்தபோது ஒதுங்கும் இடம். அந்தப் பெண்ணின் வில்லோ நூல் இதைவிட நல்லது. கண்டுபிடித்தவர்கள் அவளை என்ன செய்தார்கள் தெரியுமா? அவளுக்காக மல்யுத்தம் நடத்தினார்கள். ஒரே மாலையில் பத்துப் பேர் அளவுக்கு மாறி மாறி அவளை ஜெயித்தார்கள், தோற்றார்கள். ஏழு மாதம் தனியாகப் பிழைத்தவளின் பெயரைக்கூட ஹெர்ன் எழுதவில்லை.

பெயர் தெரிந்த ஒருத்தியும் உண்டு. தனடெல்தூர், சிப்பெவையன் பெண். 1713-ல் க்ரீ இனத்தாரிடம் பிடிபட்டு, அடுத்த ஆண்டு இன்னொரு பெண்ணோடு தப்பினாள். கூட வந்தவள் வழியில் இறந்துபோனாள். இவள் கம்பெனியின் யார்க் ஃபாக்டரி கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். 1715-16-ல் பெரும் பட்டினிக்கு நடுவே ஒரு குழுவை வழிநடத்திப் போய், தொண்டை கட்டிப்போகும்வரை பேசி, தன் மக்களையும் க்ரீ இனத்தாரையும் சமாதானம் செய்துவைத்தாள். 1717 பிப்ரவரியில் நோயில் இறந்தாள். அதே ஆண்டு சர்ச்சிலில் கம்பெனி சிப்பெவையன் மக்களுக்காகவே கடை திறந்ததை அவள் பார்க்கவில்லை.

கடை வந்ததால் பசி தீர்ந்ததா என்றால், ஒரு பக்கம் துப்பாக்கி, கத்தி, கெட்டில் வந்தன. மறுபக்கம் புதுச் சிக்கல். கம்பெனிக்கு வேண்டியது பீவர், மார்ட்டன் போன்ற சிறு விலங்குகளின் மென்மயிர்த் தோல். அவை இருப்பது காட்டுக்குள். மான் இருப்பதோ வேறெங்கோ. பொறி வைக்கப் போனால் மானை விடவேண்டும், மானுக்குப் போனால் கடன் அடைபடாது. அப்புறம் 1781-82-ல் பெரியம்மை. பத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள் என்று ஹெர்ன் எழுதினார். கணக்கு மிகையாக இருக்கலாம், ஆனால் அழிவு பெரிது. 1782-ல் பிரெஞ்சுக் கப்பற்படை சர்ச்சில் கோட்டையைப் பிடித்தது. மட்டோனபி தூக்குப் போட்டுக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய மனைவியரில் ஆறு பேரும் நான்கு குழந்தைகளும் பட்டினியில் செத்தார்கள்.

மான் கோபித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்றும் அந்தப் பெரியவர்களிடம் உண்டு. கரிபூவைக் கம்பால் அடிக்கக் கூடாது. அடித்தால் மந்தை பல வருடம் அந்த வழி வராது. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வழி மாறுவது அவர்களுக்குத் தெரிந்த உண்மை, அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வடதுருவ ஒளிக்கும் அவர்கள் சொன்ன பெயர் 'எத்தென்', அதாவது மான். முடியுள்ள மான்தோலை இருட்டில் வேகமாகத் தடவினால் பொறி பறக்கும். வானத்திலும் அதேபோல ஒளி தெறித்தால், இன்று மேலே மான் நிறைய இருக்கிறது என்பார்களாம்.

இனி இரண்டாவது கேள்வி. 20-ஆம் நூற்றாண்டில் அவர்களைக் கொன்றது மான் வராத குளிர்காலம் இல்லை. 1950-களில் கரிபூ அழிகிறது என்று அரசாங்கம் பயந்தது. மானிடோபா மாகாணத்தின் வடபகுதியில் டக் லேக் என்ற இடத்தில் ஆற்றோரம் குவிந்துகிடந்த மான் உடல்களின் படம் ஒன்று அதிகாரிகளின் கண்ணில் பட்டது. அது வரும் குளிர்காலத்துக்கான கையிருப்பு. படத்தைப் பார்த்தவர்களுக்குக் கொலைக்களமாகத் தெரிந்தது. 1956-ல் அங்கிருந்த கம்பெனிக் கடையை மூடினார்கள். சயிசி டெனே என்ற கிழக்குப் பிரிவினர் 250-க்கும் மேற்பட்டோரை விமானத்தில் ஏற்றிச் சர்ச்சிலில் இறக்கிவிட்டார்கள். வீடு இல்லை, வேலை இல்லை, வேட்டையும் இல்லை. பிறகு கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 'கேம்ப் 10' என்ற குடியிருப்பு. குப்பைமேட்டில் சாப்பாடு பொறுக்கினார்கள். குடி, வன்முறை, வீட்டுத் தீ, குளிரில் விறைத்த சாவு. இருபது ஆண்டுக்குள் 117 பேர் போய்விட்டார்கள். 1973-ல் மிச்சம் இருந்தவர்களில் பலர் தாங்களாகவே கிளம்பி டடூலி ஏரிக்கரையில் போய்க் குடியேறினார்கள், மான் வரும் வழியில். 2016-ல் மத்திய அரசு மன்னிப்புக் கேட்டு 3.36 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது.

அரசாங்கத்தின் எண்ணிக்கையே பிசகியதும் உண்டு. 1980 வாக்கில் கமனிர்ஜுவாக் என்ற கரிபூ மந்தை சுமார் 40,000-ஆகச் சுருங்கிவிட்டது என்றார்கள். இரண்டு மூன்று ஆண்டில் எண்ணியபோது பல மடங்கு. கன்று போட்டு அவ்வளவு பெருக முடியாது. மான் வேறு பக்கம் இருந்தது, எண்ணியவர்கள் பார்த்தது வேறு பக்கம். வேட்டைக்காரர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சச்சரவுக்குப் பிறகு 1982-ல் அதிகாரிகளும் வேட்டைக்காரர்களும் ஒரே மேசையில் உட்காரும் மேலாண்மை வாரியம் ஒன்று உருவானது.

இப்போதைய குறைவு அப்படிப்பட்ட பிசகல் என்று சொல்ல முடியாது. பாத்தர்ஸ்ட் மந்தை 1986-ல் ஏறத்தாழ 4,70,000. 2018-ல் 8,200. 2021-ல் 6,240. டடூலி, பிளாக் லேக், லுட்செல் கே போன்ற ஊர்களில் இன்று கூடாரம் இல்லை. மர வீடு, பனி வண்டி, பள்ளிக்கூடம், விமானத்தில் வரும் விலையேறிய கடைச் சாமான் எல்லாம் உண்டு. மான் கறிதான் இன்னமும் சாப்பாடு என்றால் சாப்பாடு. பக்கத்து ஊருக்கு ஆள் ஓடிச் செய்தி சொல்லும் காலமும் போய்விட்டது. சில மான்களின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை மாட்டியிருக்கிறார்கள். பாத்தர்ஸ்ட் மந்தை எங்கே நிற்கிறது என்று வடமேற்குப் பிரதேச அரசு குளிர்காலத்தில் வரைபடத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறது. அந்த எல்லைக்குள் யாரும் சுடக்கூடாது என்பதற்காக 2015 முதல் வரையப்படும் வரைபடம் அது.